கை நனைக்காமல் போன மகள்

திருப்பூர்ப் பக்கம் மண்ணரையில் மருதம்மாளைப் பின்னாளில் எல்லோரும் கொழும்புக்காரி என்றுதான் கூப்பிட்டார்கள். அவள் கொழும்பில் இருந்ததென்னவோ இரண்டே வருஷம். அதற்கு முன்னும் பின்னும் திருப்பூரைச் சுற்றியேதான் அவள் காலம் போயிற்று. கூப்பிட்டவர்களுக்கு அது பெருமையான பெயர். அவளும் அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்ப்பாள். ஆனால் அதைச் சொல்லிச் சிரித்ததில்லை.

அவள் புருஷன் சாமியப்பன் ஒரு பனியன் கம்பெனியில் பிட்டர். பனியன் துணி பின்னுகிற வட்ட மிஷின் நின்றுபோனால் அவனைத்தான் கூப்பிடுவார்கள். துணியில் ஓட்டை விழுந்தால் எந்த ஊசி ஒடிந்திருக்கிறது என்று மிஷினைச் சுற்றி விரலை ஓட்டிப் பார்த்தே சொல்லிவிடுவான். மருதம்மாளும் அதே கம்பெனியில் கைமடி. தையல்காரர் மிஷினை மிதிக்க மிதிக்கக் கழுத்துப்பட்டியையும் கைப்பட்டியையும் மடித்து நீட்டுகிற வேலை. இருவருக்கும் கல்யாணமாகிப் பத்து வருஷம் ஆகியிருந்தது. குழந்தை இல்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தேழு கடைசியில் அந்தப் பேச்சு வந்தது. கம்பெனி முதலாளிக்கு வேண்டிய வியாபாரி ஒருவர் கொழும்பில் பனியன் கம்பெனி ஆரம்பித்தார். மிஷின்களைப் பூட்டி ஓடவிட்டு, அங்கே இருக்கிற ஆட்களுக்கு வேலை பழக்கிக் கொடுக்க இரண்டு வருஷத்துக்கு ஒரு பிட்டர் வேண்டும். முதலாளி சாமியப்பனைச் சொன்னார். சாமியப்பனுக்கு வயிற்றில் புண். காரம் ஆகாது, நேரம் தவறினாலும் ஆகாது, கடைச் சாப்பாடு இரண்டு நாள் தின்றால் மூன்றாம் நாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டுவிடுவான். அதனால் அவன் முதலாளியிடம், சம்சாரம் கூட வந்தால் போகிறேன், இல்லாவிட்டால் வேறு ஆள் பாருங்கள் என்று சொல்லிவிட்டான். கொழும்புக்காரர் இரண்டு பேருக்கும் சேர்த்தே அனுமதிக்கு எழுதிப்போட்டார்.

இதை மருதம்மாள் தன் அப்பாவிடம் போய்ச் சொன்னபோது அவர் கட்டிலில் சாய்ந்திருந்தார். அவர் பெயர் ஆறுமுகசாமி. நல்லூரைத் தாண்டி உள்ளே போனால் செங்காட்டுப்புதூர் என்று ஒரு சிற்றூர். அங்கே தறி ஓட்டியவர். ஐப்பசியிலிருந்து இளைப்பு அதிகமாகி, காலில் நீர் கட்டி, வாசலைத் தாண்டாமல் இருந்தார். மூத்த மகன் மயில்சாமியும் மருமகள் காளியாத்தாளும் பார்த்துக்கொண்டார்கள்.

ரெண்டு வருசமா என்று ஒரே தடவை கேட்டார். பிறகு, போகிறதற்கு முன்னால் ஒருநாள் இருவரும் ஒட்டுக்காக வந்து விருந்து சாப்பிட்டுவிட்டுப் போகவேண்டும் என்றார். வேறொன்றும் அவர் கேட்கவில்லை.

மற்ற வீட்டில் இது சாதாரணப் பேச்சு. இவர்களுக்கு அப்படியில்லை. மருதம்மாளின் கல்யாணம் முடிந்து மாப்பிள்ளை வீட்டு விருந்தில், முதல் பந்தியில், ஆறுமுகசாமியின் அண்ணனுக்கென்று ஒரு இலை போட்டிருந்தார்கள். அந்த நேரம் பார்த்துக் கம்பெனி முதலாளி வந்துவிட்டார். எதிர்பாராமல் வந்தவரைக் கண்ட பதற்றத்தில் சாமியப்பன் அவரைக் கையைப் பிடித்து அழைத்துவந்து அந்த இலையில் உட்காரவைத்துவிட்டான். குடும்பத்துக்கு மூத்தவரான அந்த அண்ணன் நின்றுபார்த்துவிட்டுச் சாப்பிடாமலே வண்டி ஏறினார். அன்றைக்கு விட்டவர்தான் ஆறுமுகசாமி; ஆறு வருஷம் மகள் வீட்டில் கை நனைக்கவில்லை. வராமல் இருந்தாரா என்றால், மாதம் தவறாமல் வந்தார். துண்டில் அவரைக்காயோ கத்தரிக்காயோ முடிந்துகொண்டு வருவார். வாசலில் கயிற்றுக்கட்டிலில் உட்காருவார். மருதம்மாள் டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து வைப்பாள். டம்ளரைப் பார்த்துக்கொண்டே நலம் விசாரிப்பார். வெயில் தாழ எழுந்து போவார். அந்தத் தண்ணீரை அவள் கொட்டுவதில்லை, உள்ளே போய்த் தானே குடித்துவிடுவாள்.

பிறகு அவளுக்கு விஷக்காய்ச்சல் கண்டு நினைவு தப்பிக் கிடந்தபோது ஓடிவந்தார். அவரே அடுப்புப் பற்றவைத்துக் கஞ்சி காய்ச்சிப் புகட்டினார். அவள் குடித்து மீந்ததை அவரும் குடித்தார். அதோடு அந்த வருத்தம் தீர்ந்தது. யாரும் அதைப்பற்றிப் பேசிக்கொள்ளவில்லை.

பயணத்துக்கு வேண்டியதெல்லாம் மாசியில் தயாராகிவிட்டது. கறுப்புத் தகரப் பெட்டி ஒன்று வாங்கினார்கள். அனுப்பர்பாளையத்தில் போய் ஒரு பித்தளைத் தவலையும் மூடி திருகுகிற கூஜாவும் பார்த்து எடுத்தார்கள். கொள்ளு, புளி, காரமில்லாத பருப்புப்பொடி, சீரகம் எல்லாம் துணிப்பையில் கட்டினாள். சாமியப்பன் மிஷின் ஊசிகளை எண்ணெய்த் துணியில் சுற்றித் தனியாக வைத்தான். போட்டோ பிடிக்கக் கடையில் இருவரும் தனித்தனியாக உட்கார்ந்தார்கள். கம்பெனியில் கூட வேலை செய்கிற செங்கோட்டையன், கொழும்பிலே தேங்காயெண்ணெயிலேயே காப்பி போடுகிறார்களாம், உன்ற வயிறு தாங்குமா என்று தினமும் ஒன்று கேட்டு வைப்பான். ஆஸ்பத்திரியில் அம்மை குத்தினார்கள். மருதம்மாளுக்கு இடது கை வீங்கி, கழுத்துப்பட்டி மடிக்க முடியாமல் நான்கு நாள் வீட்டில் இருந்தாள்.

அனுமதி மட்டும் வரவில்லை.

விருந்துக்கு எப்போது வருகிறாய் என்று அப்பாவிடமிருந்து இரண்டு தடவை ஆள் வந்தது. வந்துடறேன் என்று சொல்லியனுப்பினாள். அவளுக்குள் ஒரு கூச்சம். அனுமதி கைக்கு வராமல் வழியனுப்பு விருந்து சாப்பிட்டுவிட்டு, பிறகு பயணம் நின்றுபோனால்? ஏறாத கப்பலுக்கு விருந்து தின்றவள் என்று லைன் வீட்டுப் பெண்கள் ஒரு வருஷத்துக்குப் பேசுவார்கள். காகிதம் வரட்டும், மறுநாளே போகலாம் என்று இருந்துவிட்டாள்.

பங்குனி பிறந்து அனுமதி வந்தது. அதற்கு இரண்டு நாள் முன்புதான் செங்காட்டுப்புதூரில் மாரியம்மன் நோம்பிக்குக் கம்பம் நட்டிருந்தார்கள்.

கோயில் முன்னால் மூன்று கிளையுள்ள மரத்தை வெட்டிவந்து நட்டு, மஞ்சள் பூசி, வேப்பிலை கட்டி, அதையே அம்மனின் கணவனாகப் பாவித்துத் தண்ணீர் ஊற்றுவார்கள். அது நின்றிருக்கிற நாள்வரை ஊரில் இருப்பவர் வெளியே போய் இரவு தங்கக் கூடாது. பகலில் எங்கேயும் போகலாம், பொழுதோடு திரும்பிவிட வேண்டும். வெளியூரிலிருந்து வந்தவரும், அந்த ஊருக்குள் கை நனைத்துவிட்டால் கட்டுப்பட்டவர்தான். கம்பத்தைப் பிடுங்கிக் கிணற்றில் விடும்வரை அவரும் அங்கேயே. முந்தின வருஷம் பக்கத்து ஊரில் அம்மை வார்த்து ஒரே தெருவில் நாலு பிள்ளைகள் போனபோது, யாரோ ஒருத்தி கம்பத்தை மீறித் தாய்வீட்டுக்குப் போய்த் தங்கியதைத்தான் எல்லோரும் சொன்னார்கள். அவள் வீட்டோடு இன்னும் யாரும் பேசுவதில்லை.

கம்பம் எடுக்க இன்னும் ஒரு வாரத்துக்கு மேல் இருந்தது. கொழும்புக்காரர் அனுப்பிய டிக்கெட்டோ மூன்றாம் நாள் இரவு ரயிலுக்கு. அனுமதி இரண்டு பேருக்கும் சேர்த்து; தனித்தனியாகப் போக வழியில்லை. மயில்சாமி கோயில் பூசாரியிடம் போய்க் கேட்டுப் பார்த்தான். கட்டிக் கொடுத்த பெண் வந்து அப்பனைப் பார்க்கலாம், அதற்குத் தடையில்லை, ஆனால் பச்சைத் தண்ணீரும் பல்லில் படக் கூடாது என்று அவர் சொல்லிவிட்டார்.

மறுநாள் காலையிலேயே இருவரும் கிளம்பினார்கள். ஊர் எல்லையில் வேப்பிலைத் தோரணம் கட்டியிருந்தது. அதைத் தாண்டும்போது சாமியப்பன், மாமாவுக்கு நான் எடுத்துச் சொல்கிறேன், நீ ஒன்றும் பேசாதே என்றான்.

உள்ளே நுழைந்தபோது இலை போட்டிருந்தது. இரண்டு தலைவாழை இலை. ஆறுமுகசாமி கட்டிலில் இல்லை. சுவரோடு தலையணை அடுக்கி, இலைகளுக்குப் பக்கத்தில் தரையில் அவரை உட்காரவைத்திருந்தார்கள். சலவை வேட்டி கட்டியிருந்தார். மூச்சு இழுக்கிற சத்தம் வாசல்வரை கேட்டது. காளியாத்தாள் அடுப்படி வாசலில் நின்றுகொண்டு, என்னால் தடுக்க முடியவில்லை என்பதுபோல் மருதம்மாளைப் பார்த்தாள்.

“வாங்க மாப்ள. வா கண்ணு. உக்காருங்க. பொழுதுக்கு முன்ன சாப்புட்டுக் கெளம்போணுமில்ல.”

சாமியப்பன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றான். கம்பத்தைப் பற்றியும் டிக்கெட்டைப் பற்றியும் பூசாரி சொன்னதைப் பற்றியும் வரிசையாகச் சொன்னான். நன்றாகத்தான் சொன்னான். கடைசியில், வந்ததும் மொதல் சாப்பாடு இங்கதானுங்க மாமா, ரெண்டு வருசம் ஓடிப்போயிருமுங்க என்றான். அதைச் சொல்லியிருக்க வேண்டாம். வீட்டில் எல்லோருக்கும் தெரிந்ததுதான், அந்த உடம்பு இரண்டு வருஷம் தாங்காது என்பது.

ஆறுமுகசாமி அவனைப் பார்க்கவில்லை.

“கட்டிக் குடுத்த புள்ளைக்கு என்ற ஊருக் கம்பம் என்ன பண்ணுது? அவ மண்ணரைக்காரி. பூசாரி ஆயிரஞ் சொல்லுவான். என்ற ஊட்டுல நாஞ் சொல்றேன், உக்காரு அம்முணி.”

மருதம்மாள் மண்டியிட்டு அவர் காலடியில் உட்கார்ந்தாள். வீங்கிய பாதத்தில் அவள் கை வைத்ததும் விரல் பதிந்து குழி விழுந்தது. அது சீக்கிரம் நிமிரவில்லை.

“அப்பா, நான் தின்னுபோட்டு அந்தண்ட போயிட்டா, நாளைக்கு ஊருக்குள்ள ஒரு கொழந்தைக்குக் கொப்புளம் கண்டாலும் அண்ணனைத்தானுங்க சொல்லுவாங்க. நீங்க இருக்கற ஊடுங்க இது.”

“அப்பத் தின்னுபோட்டு இங்கயே இரு.”

அவள் திரும்பிச் சாமியப்பனைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். இரு என்று அவனும் சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை. இலையில் காளியாத்தாள் வைத்திருந்த உப்பு ஓரமாகக் கசிய ஆரம்பித்திருந்தது. வெளியே தெருவில் பெண்கள் கம்பத்துக்கு ஊற்றத் தண்ணீர்க் குடங்களோடு போனார்கள். கூட்டத்தில் ஒருத்தி எட்டிப் பார்த்து, கொழும்பு ஒறம்பரை வந்திருக்குதாட்ட இருக்குது என்று விருந்தாளிகளைச் சொல்லிவிட்டுப் போனாள்.

மருதம்மாள், முடியாதுங்கப்பா என்றாள். அவர் காதில் விழுமா என்கிற அளவுக்குத்தான் சத்தம் வந்தது. விழுந்துவிட்டது.

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் அவளுக்கு அழுகையாவது வந்திருக்கும். மூச்சை இழுத்து நிதானம் பண்ணிக்கொண்டு, சிரிக்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு சொன்னார்.

“சரிதான் கண்ணு. ஆறு வருசம் நீ வெச்ச தண்ணிய நாந் தொட்டனா? இப்ப நீ தொடலே. அவ்வளவுதான்.”

“அப்பிடியில்லீங்கப்பா.”

“இல்ல இல்ல. நல்லபடியாப் போய்ட்டு வா. மயிலு, என்னையப் புடி, படுக்கறேன்.”

மயில்சாமி தூக்கிக் கட்டிலில் விட்டான். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். மருதம்மாள் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். சாமியப்பனும் கும்பிட்டான். திருநீறு பூசிவிட அவர் கை வரவில்லை. மயில்சாமிதான் எடுத்து இருவருக்கும் பூசினான்.

எல்லைத் தோரணத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனபின் பின்னாலிருந்து கூப்பிடுகிற சத்தம் கேட்டது. காளியாத்தாள் ஓடிவந்துகொண்டிருந்தாள். மடியில் ஒரு துணிமூட்டை. மூச்சு வாங்கிக்கொண்டு அதை நீட்டினாள்.

பொரிமா உருண்டை. அரிசியை வறுத்து மாவாக்கி நாட்டுச்சர்க்கரை போட்டுப் பிடித்தது. சின்னதிலிருந்து மருதாவுக்கு இதுதான் பிடிக்கும், வழிக்குக் கொடுத்துவிட வேண்டும் என்று மாமனார் இரண்டு நாளாகச் சொல்லிச் சொல்லிச் செய்யவைத்தாராம். இப்போது கொடு என்று அவர் சொல்லவில்லை. இவளாகத்தான் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறாள்.

“இப்பத்தான் எல்லையத் தாண்டியாச்சே. இங்க நின்னு ஒண்ணு தின்னு மருதா. தின்னான்னு போயிச் சொல்றேன். அவுருக்கு மனசு ஆறும்.”

மருதம்மாள் ஒரு உருண்டையை எடுத்து வாயருகே கொண்டுபோனாள். திரும்ப மூட்டையிலேயே வைத்தாள்.

“இப்ப எறங்காதுங்க நங்கையா. நான் போற வழியில தின்னுக்கறேன், எல்லாத்தையும் நானே தின்னுக்கறேன். தின்னுட்டான்னே சொல்லிப்போடுங்க.”

காளியாத்தாள் அவளுக்கு அண்ணியென்றாலும் வயதில் தோழி மாதிரி. சொல்லீர்றேன் போ என்று காளியாத்தாள் திரும்பி நடந்தாள்.

மறுநாள் இரவு திருப்பூர் ஸ்டேஷனில் கம்பெனி ஆட்கள் பத்துப் பேர் வந்திருந்தார்கள். செங்கோட்டையன் ஒரு மாலை வாங்கிவந்து சாமியப்பன் கழுத்தில் போட்டான். எல்லோரும் சிரித்துப் பேசினார்கள். மருதம்மாள் பெட்டியையும் தவலையையும் பலகைக்கடியில் தள்ளிவிட்டு, துணிமூட்டையை மட்டும் மடியில் வைத்துக்கொண்டாள். ஈரோட்டில் இறங்கி வண்டி மாறினார்கள். திருச்சியில், கப்பல்துறைக்குப் போகிற போட் மெயில் பிடித்தார்கள். நடுவில் சாமியப்பன் பசிக்கிறதா, உருண்டை எடேன் என்று கேட்டான். அவள் எடுக்கவில்லை. அவளுக்கு ஒரு கணக்கு இருந்தது. கொழும்பில் போய் இறங்கி, இருக்கிற இடத்தைக் கூட்டி மெழுகி, இலை கிடைத்தால் இலையில், இல்லாவிட்டால் தட்டில், அதை வைத்துத் தின்ன வேண்டும். அதுதான் அப்பாவின் விருந்து. ரயிலில் வாயில் போட்டுக்கொள்கிற பண்டமாக அதை ஆக்க அவளுக்கு மனமில்லை.

கடலைத் தாண்டுவதற்கு முன்னால் மண்டபம் முகாமில் எல்லோரையும் இறக்கிச் சோதனை போட்டார்கள். அம்மை குத்திய தழும்பைப் பார்த்தார்கள். மூட்டைகளை அவிழ்த்தார்கள். கொள்ளையும் பருப்புப்பொடியையும் விட்டுவிட்ட சோதனைக்காரர், துணிமூட்டையைப் பிரித்ததும் தலையை ஆட்டினார். வீட்டில் பிடித்த தின்பண்டம் எதுவும் அந்தப் பக்கம் போகக்கூடாதாம், காலரா காலம். ஓரத்தில் ஒரு பீப்பாய் இருந்தது, அதில் போட்டுவிட்டு வரச் சொன்னார். முன்னால் போனவர்களின் முறுக்கும் அதிரசமும் புளிச்சோறும் அதில் ஏற்கெனவே கிடந்தன. அவர் பொல்லாதவர் இல்லை. தின்கிறதானால் இங்கேயே தின்றுவிட்டு வாம்மா, நேரமிருக்கிறது என்று அவரே சொன்னார்.

மருதம்மாள் ஒரு ஓரமாகப் போய்ச் சுவரடியில் உட்கார்ந்தாள். மூட்டையை மடியில் பிரித்தாள். ஒவ்வொன்றும் எலுமிச்சம்பழ அளவு. முதல் உருண்டையைக் கடித்தாள்; மாவு வாயெல்லாம் ஒட்டியது. மென்று விழுங்கினாள். இரண்டாவது. மூன்றாவதில் விக்கல் வந்தது. சாமியப்பன் கூஜாவைத் திருகித் தண்ணீர் கொடுத்தான். குடித்துவிட்டு மறுபடி எடுத்தாள். பக்கத்தில் மலைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போகிற குடும்பம் ஒன்று உட்கார்ந்திருந்தது. அந்தப் பெண், இப்படித் தின்னா வயித்துக்கு ஆகுமா தாயி, பிள்ளைகளுக்கு ரெண்டு குடேன் என்றாள். மற்ற நாளாயிருந்தால் மருதம்மாள் கேட்காமலே கொடுத்திருப்பாள். இன்றைக்குத் தலையை அசைத்தாளே தவிரக் கொடுக்கவில்லை. அந்த வெட்கத்தையும் சேர்த்து விழுங்கினாள்.

பாதிக்கு மேல் போகவில்லை. கண்ணில் தண்ணீர் நின்றது. சாமியப்பன் அவள் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து ஒன்றை எடுத்தான்.

“உங்களுக்கு ஆவாதுங்க. வயிறு புடிச்சுக்கும்.”

“புடிச்சா புடிச்சுட்டுப் போகுது. எனக்குந்தான மாமனாரு” என்றான் அவன். “அன்னிக்கு அந்த எலையில நான் ஆளை மாத்தி உக்காத்துனதுக்குத்தான புள்ள இத்தனையும்.”

பத்து வருஷத்தில் அவன் வாயிலிருந்து அந்தப் பேச்சு வந்தது அதுதான் முதல் தடவை. அவள் மூட்டையை அவன் பக்கமாக நகர்த்தி வைத்தாள். இருவரும் மாறி மாறித் தின்றார்கள். துணியில் உதிர்ந்த மாவையும் வழித்து வாயில் போட்டுக்கொண்டு, துணியை உதறி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

தனுஷ்கோடியில் கப்பலேறியபோது காற்று அடித்துக்கொண்டிருந்தது. நொய்யல் ஆற்றில் வெள்ளம் வந்து பார்த்ததுதான் மருதம்மாள் கண்ட பெரிய தண்ணீர். கரை மறைந்ததும் கப்பல் ஒரு பக்கம் ஏறி மறு பக்கம் இறங்கியது. சுற்றிலும் ஆட்கள் கம்பியைப் பிடித்துக்கொண்டு வாந்தியெடுக்க ஆரம்பித்தார்கள். அவளுக்கும் வயிறு புரண்டு மேலே வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டாள். முந்தானையைச் சுருட்டி வாயில் அடைத்துக்கொண்டாள். சாமியப்பன், எடுத்துடு மருதா, எடுத்தாத் தேவலையாயிரும் என்று முதுகைத் தடவினான். மாட்டேன் என்று தலையாட்டினாள். வாய்க்கு வந்ததை இரண்டு தடவை திரும்ப உள்ளே இறக்கினாள். தலைமன்னார்க் கரை கோடாகத் தெரிந்தது. இன்னும் கொஞ்ச நேரம்தான் என்று அவன் சொல்லிக்கொண்டே இருக்கையில் கப்பல் ஒரு குலுக்குக் குலுக்கியது. அவ்வளவும் வந்துவிட்டது. கம்பிக்கு வெளியே தலையை நீட்டக்கூட அவளுக்கு நேரமில்லை. சேலையெல்லாம் மாவாக நனைந்துபோய் அப்படியே உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. கூட்டத்தில் ஒருவர், முதல் பயணமா, எல்லோருக்கும் இப்படித்தான் என்று ஆறுதல் சொன்னார்.

கொழும்பில் மிஷின் பூட்டி முதல் துணி இறங்கிய வாரத்தில் தந்தி வந்தது. கம்பம் எடுத்த மறுநாள் ஆறுமுகசாமி போய்விட்டார். முதலில் கடிதம் போட்டு, அது சேராமல், பிறகுதான் தந்தி அடித்திருக்கிறார்கள். அதற்குள் காரியமெல்லாம் முடிந்திருந்தது. போகவர அனுமதி கேட்டால் இரண்டு மாதம் ஆகும் என்றார்கள். மருதம்மாள் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, மத்தியானம் சாமியப்பனுக்குக் குழைந்த சோறு வடித்துக் கொண்டுபோனாள்.

இரண்டு வருஷம் கழித்து ஊர் திரும்பியதும் அவர்கள் நேராகச் செங்காட்டுப்புதூர்தான் போனார்கள். காளியாத்தாள் அதே இடத்தில் இலை போட்டாள். மயில்சாமியும் கூட உட்கார்ந்தான். பரிமாறியதையெல்லாம் மருதம்மாள் சாப்பிட்டாள்; மோருக்கு இன்னொரு கை சோறு கேட்டு வாங்கிக்கொண்டாள். ஆண்கள் எழுந்து வாசலுக்குப் போனபின், அவள் கையலம்பிவிட்டு வரும்வரை காளியாத்தாள் காத்திருந்தாள். பிறகு மருதம்மாள் கேட்டாள், அன்றைக்கு அப்பாவிடம் சொன்னீர்களா என்று.

“சொன்னேன். எல்லையத் தாண்டிப் போயித் தின்னான்னு சொன்னேன். எத்தன தின்னான்னு கேட்டாரு. ரெண்டுன்னு சொன்னேன்.”

“அப்பறம்?”

காளியாத்தாள் எச்சில் இலையை மடித்துக்கொண்டே சொன்னாள்: “வழிப்போக்கனுந்தான் மரத்தடியில நின்னு தின்னுட்டுப் போறான், அது விருந்தாகுமான்னாரு. அதுக்கப்பறம் உன்னையப் பத்தி ஒண்ணும் பேசலே மருதா. நான் இதைச் சொல்லாமயே இருந்துருக்கலாம். நீ கேட்டதுனால சொல்றேன்.”

சொன்னது நல்லதுங்க என்றாள் மருதம்மாள். அவர் சொன்னதில் தப்பில்லை என்றும் சொன்னாள். பிறகு அண்ணி கையிலிருந்த இலைகளை வாங்கிக்கொண்டு கொல்லைப்பக்கம் போனாள்; போட்டுவிட்டு வர அவளுக்கு வெகு நேரம் ஆயிற்று.